பின்தொடர்வது பணிவதாகுமா?

தமிழில் 'ஆட்டம்' என்ற சொல் நடனத்தை மட்டும் குறிப்பதில்லை. "ரொம்ப ஆடாதடி", "அவ ஆடுற ஆட்டத்துக்கு ஒருநாள் இருக்கு", "இப்போ ஆட்டம் அடங்கிருச்சு பாத்தியா" என்றெல்லாம் கேட்காமல் வளர்ந்த பெண்கள் நம்மில் குறைவு. பெண் குரலை உயர்த்தினாலும் ஆட்டம்தான், நினைத்த நேரத்தில் வெளியே போனாலும் ஆட்டம்தான், தன் சம்பளத்தைத் தானே செலவழித்தாலும் ஆட்டம்தான். இந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த ஒருத்தி முப்பது வயதுக்கு மேல் நிஜமாகவே ஆடக் கற்றுக்கொள்ளும்போது, கால்களைவிட மனத்துக்குத்தான் வேலை அதிகம்.

நான் கற்றது லிண்டி ஹாப். ஸ்விங் ஜாஸ் இசைக்கு இருவர் சேர்ந்து ஆடும் நடனம் அது. 1920களின் இறுதியில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின இளைஞர்களும் இளம்பெண்களும் உருவாக்கியது. படிப்புக்காக அந்த நகரத்தில் இருந்த இரண்டு ஆண்டுகளும் வாரம் ஒருமுறை வகுப்புக்குப் போனேன். இதில் ஒருவர் லீட், அதாவது அடுத்த அசைவைத் தொடங்கிவைப்பவர். மற்றவர் ஃபாலோ, அந்த அசைவை வாங்கித் தொடர்பவர். வழக்கமாக ஆண் லீட், பெண் ஃபாலோ. இதைத் தொலைபேசியில் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "வீட்டுல அப்பா சொல்றதக் கேட்டு நடன்னா சண்டைக்கு வருவ. அங்க போயி காசு குடுத்து, எவனோ கையப் புடிச்சு இழுக்குற பக்கம் நடக்குறியாக்கும்?"

அம்மா கேலியாகத்தான் கேட்டார். ஆனால் பெண்ணியம் பேசுகிற எவரும் சிரித்துக் கடந்துவிட முடியாத கேள்வி அது. எல்லா இடத்திலும் யார் முன்னே, யார் பின்னே என்று கேட்கும் நாம், பின்னே போவதில் இன்பம் காணலாமா? அப்படிக் கண்டால் அது நம் கொள்கைக்கு நாமே தரும் விடுமுறையா?

முதலில், அந்த நடனத்துக்குள் நடப்பது என்ன என்று பார்க்க வேண்டும். லிண்டி ஹாப்பின் அடிப்படை அசைவுக்குப் பெயர் ஸ்விங் அவுட். எட்டு எண்ணிக்கைக்குள் இருவரும் நெருங்கி வந்து, ஒருவரையொருவர் சுற்றி, பிறகு கை நீளத்துக்கு விலகி நிற்கிறார்கள். ஐரோப்பிய ஜோடி நடனங்களில் ஆணின் கை பெண்ணின் முதுகைவிட்டு எளிதில் அகலாது. ஹார்லெம்காரர்கள் அந்தப் பிடியைத் திறந்துவிட்டார்கள். விலகி நிற்கும் நொடிகளில் ஒரு கை மட்டும் கோத்திருக்கும். மிச்ச உடம்பு முழுக்க அவரவருக்குச் சொந்தம். அந்த இடத்தில் ஃபாலோ இடுப்பைத் திருப்பலாம், காலை உதறலாம், அடியைத் தாமதிக்கலாம், ட்ரம்பெட் சொன்னதற்குப் பதில் சொல்லலாம். அவள் செய்வதைப் பார்த்துத்தான் லீட் தன் அடுத்த அசைவை முடிவு செய்ய முடியும்.

இருவரும் தங்கள் எடையைச் சற்றே பின்னால் சாய்த்து நின்றால்தான் இந்தப் பேச்சு நடக்கும். கிணற்றில் நீர் இறைக்கும்போது கயிறு தொய்ந்துவிட்டால் வாளியின் கனம் கைக்குத் தெரியாது அல்லவா, அதுபோல. தன் எடையைத் தானே தாங்காத ஃபாலோவை யாராலும் நடத்த முடியாது, இழுக்கத்தான் முடியும். என் ஆசிரியை முதல் வகுப்பில் சொன்னது இது: லீட் கொடுப்பது கட்டளை அல்ல, யோசனை. பதில் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸின் பழைய ஜாஸிலும் இதே ஒழுங்குதான். ட்ரம்பெட் பாட்டின் மெட்டைப் பிடித்துக்கொண்டு முன்னே போகும். கிளாரினெட் அதன் மேலேறிச் சுற்றிச்சுற்றி நெய்யும். ட்ரோம்போன் அடியில் சறுக்கி வரும். மூவரும் ஒரே நேரத்தில் கற்பனையாக வாசிப்பார்கள். ஆனாலும் சத்தக்காடாக ஆவதில்லை, மூவரும் மற்ற இருவரைக் கேட்டபடியே வாசிப்பதால். அந்த ஊரில் 1961இல் தொடங்கப்பட்ட பிரிசர்வேஷன் ஹால் என்ற சின்னக் கூடத்தில், மரப் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து இந்த இசையைக் கேட்டிருக்கிறேன். அங்கே பல ஆண்டுகள் பியானோ வாசித்த ஸ்வீட் எம்மா பாரெட்டுக்கு 1967இல் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. அதன் பிறகும் வலக்கையால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட கூடத்தில் யார் முன்னே, யார் பின்னே என்று எண்ணிக்கொண்டிருப்பது கஷ்டம்.

ஆகவே பின்தொடர்வதும் பணிவதும் ஒன்றல்ல என்பது என் முதல் பதில். பணிவைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் மூன்று. பணிபவருக்கு மறுக்கும் உரிமை இருக்காது, அல்லது மறுத்தால் விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஆணையிடுபவருக்குத் திரும்பக் கேட்கும் கடமை இருக்காது. இருவரும் ஒருபோதும் இடம் மாறிக்கொள்ள முடியாது. இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத இடத்தில் ஒருத்தி இன்னொருவரின் அசைவைத் தொடர்ந்தால் அது பணிவல்ல.

ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் நமக்குப் பழக்கமான ஒரு குரல் உடனே உள்ளே நுழைந்துவிடும். "அதத்தாம்மா நாங்களும் சொல்றோம். குடும்பமும் ஒரு நாட்டியம்தான். ஆண் வழிகாட்டுவான், பெண் அதை அழகாகத் தொடர்வாள், இதில் உயர்வு தாழ்வு எங்கே இருக்கு?" கல்யாண மேடைகளிலும் பட்டிமன்றங்களிலும் நாம் கேட்டுச் சலித்த வாதம். அதற்கு நடனமே பதில் வைத்திருக்கிறது. பாட்டு முடியும். ஸ்விங் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பதிவாகும். அந்த மூன்று நிமிடம் முடிந்ததும் நன்றி சொல்லிக் கையை விடலாம். அடுத்த பாட்டுக்கு வேறொருவரோடு ஆடலாம், நானே லீட் ஆகலாம், ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம், வீட்டுக்கும் போகலாம். என் வீடு, என் சாப்பாடு, என் பிள்ளைகள், என் பெயர் எதுவும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதை நம்பி இல்லை. குடும்பத்தை நாட்டியம் என்பவர்கள் முதலில் பாட்டு எப்போது முடியும் என்று சொல்லட்டும். வெளியேறும் கதவு திறந்திருக்கும் இடத்தில் மட்டுமே 'அவளாக விரும்பித்தான் பின்னே போகிறாள்' என்ற வாக்கியத்துக்குப் பொருள் உண்டு.

இதைவிடக் கடினமான கேள்வி இன்னொன்று. ஃபாலோ செய்வது எனக்குச் சீக்கிரம் வந்தது. கூடப் படித்த ஆண்கள் சிலர் அந்த இடத்தில் நின்றபோது திணறினார்கள். மற்றவரின் உடல் சொல்வதைக் கவனிப்பது அவர்களுக்குப் புது வேலையாக இருந்தது. எனக்கோ அது பிறந்த வீட்டில் கற்றது. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அப்பாவின் அன்றைய மனநிலையைச் சொல்லிவிடும் பெண்கள் நாம். டம்ளரைக் கீழே வைக்கும் விதத்திலிருந்து கோபத்தின் அளவைப் படித்தவர்கள். அப்படியானால் நடன அரங்கில் எனக்குக் கிடைத்த இன்பம் என்னுடையதா? அல்லது பழைய பயிற்சிக்கு நல்ல விளக்கும் நல்ல இசையும் கிடைத்துவிட்டன, அவ்வளவுதானா?

இரண்டையும் கத்தி வைத்துப் பிரிக்க என்னால் முடியவில்லை. பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை என்றே நினைக்கிறேன். ஒடுக்குமுறையின் கீழ் கற்றதாலேயே ஒரு திறமை ஒடுக்கியவனுக்குச் சொந்தமாகிவிடாது. அப்படிப் பார்த்தால் ஜாஸே மிஞ்சாது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், பேசினால் ஆபத்து என்றிருந்த ஒரு நாட்டில், ஒருவரையொருவர் கூர்ந்து கேட்கும் கலையை எங்கெங்கோ வளர்த்தெடுத்தார்கள். ஒருவர் அழைக்க மற்றவர் பதில் தரும் பாட்டுமுறை அந்த மண்ணில் வேர்விட்டது. அந்தக் கேட்கும் திறன் யாருக்கு ஊழியம் செய்கிறது என்பதுதான் கேட்க வேண்டியது. வீட்டில் அது அப்பாவின் கோபத்துக்குச் செய்தது. அரங்கில் அது என் மகிழ்ச்சிக்கும் என்னோடு ஆடுபவரின் மகிழ்ச்சிக்கும் செய்கிறது.

இருந்தாலும் சோதித்துப் பார்க்க லீட் செய்யவும் கற்றேன். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார் எனக்கு ஃபாலோவாக நின்று கற்றுக்கொடுத்தார். ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவு இன்னொருவரின் தோளையும் முழங்காலையும் நோகச் செய்யக் கூடாது, பிடிக்கவில்லை என்று அவர் உடம்பு சொன்னால் உடனே மாற்ற வேண்டும். முடிவெடுப்பதற்கு நம்மைப் பழக்கவே இல்லை என்பது அன்றைக்குத் தோளில் தெரிந்தது. ஆண்களைக் கேட்கப் பழக்கவில்லை, பெண்களை முடிவெடுக்கப் பழக்கவில்லை. இரண்டு இடத்திலும் நின்று ஆடுபவர்கள் இப்போது ஸ்விங் உலகில் நிறையப் பேர். ஆடத் தொடங்கும் முன், "நீங்கள் லீடா, ஃபாலோவா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஆளைப் பார்த்ததும் முடிவு செய்துவிடாமல் கேட்பது சின்ன விஷயம்தான். ஆனால் நம் வாழ்க்கையில் எத்தனை இடங்களில் அந்தக் கேள்வியை நம்மிடம் யாராவது கேட்டிருக்கிறார்கள்?

இந்த நடனத்தின் வரலாற்றிலும் யார் யாரை நடத்தினார் என்பது அவ்வளவு நேர்கோடாக இல்லை. ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில் 1926 மார்ச் 12 அன்று திறக்கப்பட்ட சவாய் பால்ரூம்தான் லிண்டி ஹாப்பின் தாய்வீடு. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆட அனுமதித்த, அந்தக் காலத்துக்கு மிக அரிதான இடம். அங்கே புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஷார்ட்டி ஜார்ஜ் ஸ்னோடன், பெயருக்கேற்பக் குள்ளமானவர். அவருடைய ஜோடி பிக் பீ அவரைவிட நெடுநெடுவென உயரம். ஆட்டத்தின் முடிவில் பிக் பீ அவரைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு வெளியேறுவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். அதைப் பார்த்த இளைஞர் ஃப்ராங்கி மேனிங், தன் ஜோடி ஃப்ரீடா வாஷிங்டனோடு ஒத்திகை பார்த்து, 1935 வாக்கில் ஒரு போட்டியில் அவரை முதுகின் மேலாகச் சுழற்றி இறக்கினார். லிண்டி ஹாப் என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவு வரும் வான்வழிச் சாகசங்கள் அப்படிப் பிறந்தவை. பெண்ணை ஆண் தூக்கியெறியும் காட்சியாகவே நாம் பார்க்கும் ஒன்று, ஆணைப் பெண் சுமந்துபோன காட்சியிலிருந்து வந்திருக்கிறது.

இசைக் குழுக்களிலும் அப்படித்தான். லூயி ஆம்ஸ்ட்ராங், கிங் ஆலிவரின் குழுவில் இரண்டாம் கார்னெட்டாக இருந்தபோது, அதே குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின் அவரை மணந்தார். இன்னொருவருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டாம் என்று சொல்லி 1924இல் அவரை வெளியே தள்ளியவர் லில்தான். 1925 முதல் ஹாட் ஃபைவ் குழுவின் பதிவுகளில் பியானோவும் அவருடையது. எல்லா ஃபிட்ஜெரால்டு 1934இல் அப்பல்லோ அரங்கின் போட்டிக்கு ஆடத்தான் போனார். கடைசி நேரத்தில் பாடினார், ஜெயித்தார். அப்போது வயது 17, நிலையான வீடு கிடையாது. அடுத்த ஆண்டு சவாயில் வாசித்த சிக் வெப்பின் குழுவில் பாடகியாகச் சேர்ந்தார். 1939இல் வெப் இறந்தபோது குழு எல்லாவின் பெயரில் தொடர்ந்தது.

இப்படி எண்ணிக்கொண்டே போகலாம். ஆனால் பெருமைப் பட்டியலோடு நின்றுவிட எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் ஆதிக்கத்தைத் தேடி நாம் பார்க்கும் இடமே மாற வேண்டியிருக்கிறது. சவாயில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானித்தது அவள் கையைப் பிடித்த ஆட்டக்காரனின் கையை மட்டும் பொறுத்ததல்ல. வாசலில் நின்ற கை, சம்பளம் கொடுத்த கை, சட்டம் எழுதிய கை எல்லாம் இருந்தன. அந்தக் கைகளிடம் யாரும் 'இந்தப் பாட்டு வேண்டாம்' என்று சொல்லிவிட முடியவில்லை.

நார்மா மில்லரைப் பாருங்கள். 1919இல் பிறந்தவர், பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர். சவாயின் பின்புறம் தெரியும் வீட்டில் வளர்ந்து, உள்ளே போகக் காசில்லாமல் வெளியே நடைபாதையில் ஆடிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமியை ஓர் ஆட்டக்காரர் உள்ளே அழைத்துப்போனார். 15 வயதில் ஐரோப்பா வரை ஆடப் போனார். 1941இல் வெளிவந்த 'ஹெல்ஸாபாப்பின்' திரைப்படத்தில் அவரும் குழுவினரும் ஆடிய சில நிமிடங்களை இன்றும் உலகெங்கும் மாணவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்கிறார்கள். அந்தக் காட்சியில் அவர்கள் என்ன உடையில் இருக்கிறார்கள் தெரியுமா? சமையல்காரர், பணிப்பெண், மெக்கானிக் என்று வேலைக்காரர் உடைகளில். உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களைத் திரையில் காட்ட அந்த ஸ்டூடியோவுக்கு வேறு வேடம் கிடைக்கவில்லை.

1938இல் ஆர்ட்டி ஷா என்ற வெள்ளையரின் குழுவில் பில்லி ஹாலிடே பாடினார். நியூயார்க்கில் அவர் பாடிய விடுதியிலேயே சரக்கு ஏற்றும் லிஃப்டில் ஏறிப் போகச் சொன்னார்கள். 1937இல் மிசிசிப்பியில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கு நிதி திரட்ட மாணவிகளைக் கொண்டு தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம், பல இனப் பெண்கள் சேர்ந்து வாசித்த குழு. தென்மாநிலங்களில் அவர்களுக்குத் தங்க விடுதி கிடைக்காது, பேருந்திலேயே உறங்குவார்கள். கறுப்பினப் பெண்களோடு ஒரே மேடையில் வெள்ளைப் பெண்கள் வாசிப்பது அங்கே குற்றம் என்பதால், குழுவிலிருந்த வெள்ளைப் பெண்கள் கைது ஆகாமலிருக்க முகத்தில் கருமை பூசிக்கொண்டார்கள். சவாயையும் 1943 ஏப்ரலில் அரசு மூடியது. அங்கே வரும் பெண்களால் படைவீரர்களுக்குப் பால்வினை நோய் பரவுகிறது என்று காரணம் சொன்னார்கள். இரு இனத்தவர் சேர்ந்து ஆடுவதுதான் அவர்களை உறுத்துகிறது என்று கறுப்பினத் தலைவர்கள் பதில் சொன்னார்கள். ஒரு சமூகத்தின் மகிழ்ச்சியைப் பூட்ட வேண்டியிருந்தபோது, சாவியாகக் கிடைத்தது பெண்ணின் ஒழுக்கம்தான். அரை ஆண்டு கழித்துத்தான் கதவு திறந்தது.

அப்படியானால் கோத்த கைகளுக்குள் எல்லாம் சுகம், வெளியேதான் கெடுதல் என்று சொல்லிவிடலாமா? முடியாது. மறுக்கும் உரிமைதான் அளவுகோல் என்றால், அது முதலில் அரங்கின் உள்ளேயே இருக்க வேண்டும். நடன உலகில் நெடுநாள் வழக்கம் ஒன்று உண்டு. யார் ஆட அழைத்தாலும் ஏற்பதுதான் பண்பு, மறுப்பது மரியாதைக்குறைவு. மேலோட்டமாகப் பார்த்தால் இது அன்பான வழக்கம், புதியவர்கள் தனித்து நிற்க மாட்டார்கள். ஆனால் கையை முறுக்குபவன், கையை வேண்டாத இடத்துக்குக் கொண்டுபோகிறவன், 'தெரியாமல் பட்டுவிட்டது' என்று சிரிப்பவன், எல்லோரும் இந்தப் பண்பின் நிழலில்தான் ஒதுங்கினார்கள். 2015இன் தொடக்கத்தில், உலகம் முழுக்கச் சென்று கற்பித்துவந்த ஓர் ஆசிரியர் தனக்கு இழைத்த பாலியல் வன்முறையை ஒரு பெண் வெளிப்படையாக எழுதினார். அடுத்தடுத்து வேறு பெண்களும் பேசினார்கள். அதன் பிறகு பல நாடுகளில் ஸ்விங் அமைப்புகள் நடத்தை விதிகளை எழுதிவைத்தன, புகார் சொல்ல ஆட்களை நியமித்தன, 'வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை' என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கத் தொடங்கின.

அந்த வாக்கியத்தை நான் முதன்முதலில் பயன்படுத்திய மாலை நன்றாக நினைவிருக்கிறது. அழைத்தவரிடம் "இல்லை, நன்றி" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். விளக்கம் கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, என் வளர்ப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அடுத்த பாட்டுக்கு வேறொருவர் அழைத்தபோது "சரி" என்றேன். அந்தச் 'சரி'க்கு அன்று ஒரு கனம் இருந்தது. இல்லை என்று சொல்ல முடிந்த வாயிலிருந்து வந்த சரி அது.

இன்பத்தைப் பற்றிப் பேசவே நாம் கொஞ்சம் கூச்சப்படுகிறோம். இவ்வளவு வன்முறை நடக்கும்போது ஆட்டம் ஒரு கேடா என்று நம் தோழிகளே கேட்பதுண்டு. நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின மக்களுக்கு அந்தத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. காப்பீடு தர யாரும் முன்வராத காலத்தில், மருத்துவச் செலவுக்கும் சவ அடக்கத்துக்கும் மாதச் சந்தா சேர்த்து அவர்கள் வளர்த்த சங்கங்களுக்கு 'சமூக உதவி மற்றும் இன்பச் சங்கம்' என்றே பெயர் வைத்தார்கள். ஒரே பெயர்ப்பலகையில் உதவி, இன்பம் இரண்டும். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சங்கங்கள் பித்தளை வாத்தியங்களோடு தெருவில் ஊர்வலம் போகின்றன. பின்னால் யார் வேண்டுமானாலும் சேர்ந்து ஆடிக்கொண்டு போகலாம். மகிழ்ச்சியைப் போராட்டத்துக்குப் பிறகு கிடைக்கும் சம்பளமாக அவர்கள் ஒத்திப்போடவில்லை.

அந்த மகிழ்ச்சியில் வெளியாளாகச் சேரும் எனக்கு ஒரு கடமையும் இருக்கிறது. அது யாருடைய தளம் என்று தெரிந்துகொண்டு ஆடுவது, நார்மா மில்லரின் பெயரையும் பிக் பீயின் பெயரையும் சொல்லி ஆடுவது, அந்தச் சமூகத்தின் கலைஞர்களுக்குப் போய்ச்சேரும்படி காசு கொடுப்பது. பெண்ணின் உழைப்பைப் பெயரில்லாமல் எடுத்துக்கொள்வதைக் கண்டிக்கும் நாம், இன்னொரு மக்களின் கலையை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

எனவே இப்போது ஓர் உறவையோ வேலையையோ இயக்கத்தையோ பார்க்கும்போது யார் முன்னே நிற்கிறார் என்பதை மட்டும் நான் கேட்பதில்லை. வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும்? முன்னே நிற்பவர் திரும்பிக் கேட்கிறாரா? நாளைக்கு இடம் மாறிக்கொள்ளலாமா? கதவு எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம்? இந்த நான்குக்கும் நல்ல பதில் இருந்தால், தோழி, தாராளமாகப் பின்னே போ, ரசித்துப் போ. இல்லையென்றால் உன்னை முன்வரிசையிலேயே நிற்க வைத்தாலும், மாலை போட்டு மேடையிலேயே ஏற்றினாலும் அது பணிவுதான். அப்போது யாராவது "ரொம்ப ஆடாதே" என்று சொன்னால், நீ சரியாகத்தான் ஆடிக்கொண்டிருக்கிறாய் என்று எடுத்துக்கொள்.